செக்குபந்தி

காட்பாடி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே,
ஜெராக்ஸ் கடைக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவில்
இருபத்தாறு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன்.
நத்தம், புஞ்சை, தாத்தா பேரில் கிடந்த பாறைக்காடு,
மூன்று முறை விற்கப்பட்ட ஒரே கிணறு
எல்லாம் என் பேனா கண்டது.

சம்பங்கி வந்தார், மதியம் பன்னிரண்டு வெயிலில்.
"மனை ஒண்ணு வாங்கிகீறேன் சார், எழுதிக் குடுங்க."
எந்தக் கிராமம் என்றேன்.
போனைத் திருப்பிக் காட்டினார்.

பச்சைக் கட்டம்.
பதினாறு மீட்டருக்குப் பதினாறு.
விலை இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.
மாநகராட்சி அறுத்துப் போட்ட விளம்பரச் சட்டங்களை
இரும்புக் கடையில் கிலோ போட்டு விற்ற காசு.

பழக்கத்தில் கேட்டுவிட்டேன்,
வடக்கே?
"ஒரு நம்பர்காரன் மனை. பேர் இல்ல, நம்பர்தான்."
தெற்கே?
"ரோடு. ஆனா யாரும் நடக்கறதில்ல,
நெனச்ச எடத்துல வந்து குதிக்கிறாங்க."
கிழக்கே?
"செருப்புக் கம்பெனி ஒண்ணு இருந்துது. கம்பெனி போயிட்டுது,
செருப்பு மட்டும் கீது, யானை ஒசரத்துக்கு."
மேற்கே?
"இன்னும் வரல சார்."

இதற்கு உட்பட்ட என்று எழுதப் போன கை
அங்கேயே நின்றது.
தண்ணீர் வசதி பற்றிக் கேட்கவில்லை.
பாலாற்றுப் பாலத்தைத் தினம் இரண்டு முறை கடக்கிறவன்
அதைக் கேட்கக் கூடாது.

நிலம் எங்கே ஓடிப்போகும் என்பார்கள்.
இது ஓடும்.
அந்த ஊரை நடத்தும் கம்பெனி ஷட்டரை இறக்கினால்
ஊரும் சேர்ந்து இறங்கும்.
வில்லங்கம் பார்க்க எந்த ஆபீசுக்குப் போவது?

சம்பங்கிக்கு அதெல்லாம் கவலையில்லை.
அவர் விற்பது மண்ணை அல்ல, மனிதர்களின் கண்ணை.
பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே லாட்ஜ் மாடியில்
நாற்பதடி போர்டு வைத்திருந்தவர்.
மாதம் பதினெட்டாயிரம்
தமிழிலும் வங்காளத்திலும் வந்துகொண்டிருந்தது.
ஏன் கொடுத்தார்கள்?
டோக்கன் கையில், ரிப்போர்ட் மதியம் மூன்றுக்கு,
நிழலுக்கு ஒதுங்கி நிற்கிற அஸ்ஸாம்காரர்
தரையைப் பார்த்துப் பார்த்து அலுத்து
ஒருமுறை நிமிர்வார்.
அந்த ஒரு நிமிர்வுக்குத்தான் வாடகை.

புது ஊரில் காய்ச்சல் இல்லை.
யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.
கால் வலித்து எவனும் நிற்காத ஊரில்
யார் அண்ணாந்து பார்ப்பார்கள்?

இதைச் சொல்லவில்லை. கணக்கு மட்டும் கேட்டேன்.
"போன மாசம் முப்பத்தோரு பேர்," என்றார்.
கொஞ்ச நேரம் இளநீர் வண்டியைப் பார்த்துவிட்டு,
"அதுல பத்தொம்போது நான்."

லாட்ஜுக்காரர் தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்து
டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டாராம்.

ராத்திரி கரண்ட் போய்த் திரும்பி வந்த நேரம்,
மகளின் கம்ப்யூட்டரில் அந்த ஊருக்குப் போனேன்.
எனக்கு ஒரு உடம்பு கொடுத்தார்கள், தொப்பை இல்லாதது.
செருப்பைக் கடந்து, நம்பர்காரன் மனையைக் கடந்து
(நடந்தே போனேன், குதிக்கத் தெரியவில்லை)
சம்பங்கியின் போர்டைப் பார்த்தேன்.
அதில் லாட்ஜ் இல்லை, ஸ்கேன் சென்டர் இல்லை,
ஆம்பூர் ஷூவும் இல்லை.
'இந்த இடம் விளம்பரத்துக்கு', கீழே அவர் செல் நம்பர்.
அந்த ஊர் வெயில் சுடவில்லை.
வேறு வேலை இல்லாததால் அண்ணாந்தபடி நின்றேன்.

மறுநாள் காலை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்,
முகமெல்லாம் பல்.
"புதுசா ஒருத்தர் வந்துட்டாரு சார்!
ஏழு நிமிஷம் நின்னு பார்த்துகீறாரு.
ஏழு நிமிஷம்னா சும்மாவா?
ரேட்டை ஏத்திடலாம்னு கீறேன்."

இருபது ரூபாய் முத்திரைத்தாளை விரித்தேன்.
வாடகை ஒப்பந்தம் என்று தலைப்பிட்டேன்.
வாடகைதாரர் பெயர் வரும் இடத்தில்
புள்ளி, புள்ளி, புள்ளி.
எழுத்துக்கூலி வாங்கவில்லை.
ஏன் சார் என்று கேட்டார்.
பேனா எழுதவில்லை என்று உதறிக்கொண்டிருந்தேன்.